சுடாத பாதம்

மாத்தளைக் கடைவீதியில் மர்சூக் முதலாளியின் கடைக்கு விலாசம் தேவையில்லை. மிளகும் கராம்பும் காய்ந்த கொக்கோவும் கலந்த வாடை தெருமுனைக்கே வந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடும். அந்தக் கடையில் மூட்டை சுமந்தவர் அழகமுத்து. மூட்டை சுமக்கிறவர்களை நாட்டாமை என்று சொல்வது ஊர் வழக்கம். பெயர் என்னவோ பெரிய பெயர்தான். சட்டையைக் கழற்றிவிட்டு அவர் தோளைப் பார்த்தால்தான் அந்தப் பதவியின் இலட்சணம் தெரியும். மனிதர் பேசுவது குறைவு, சிரிப்பது அதிலும் குறைவு. அவரைப் பற்றி ஊரில் யாரும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை, அந்தப் பூக்குழி விஷயம் வரும்வரைக்கும்.

அவர் மனைவி மாரியாயி நேர் எதிர். அவர்கள் குடியிருந்த முடுக்கில் குழாயடிக்கு அவள் வந்துவிட்டால் தண்ணீர்ச் சத்தம் கேட்காது. வாய் மட்டுமில்லை, மனசும் அப்படித்தான். சந்தோஷம் வந்தால் ஊருக்கே சொல்வாள், துக்கம் வந்தாலும் ஊருக்கே சொல்வாள். அடக்கி வைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அவர்களுக்கு ஒரே பிள்ளை, ராசமணி.

வெள்ளைக்காரன் போன அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, ராசமணிக்கு அம்மை போட்டது. கண்ணுக்குள்ளும் முத்து இறங்கிவிட்டது, பிள்ளை தேறாது என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். மாரியாயி ஈரப் புடவையோடு சுதுகங்கைக் கரையிலிருக்கிற மாரியம்மன் கோயிலுக்கு ஓடினாள்.

“எம் புள்ளைய எனக்குத் திருப்பிக் குடு தாயே. இவ கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் எங்க வீட்டு ஆம்பள வருசம் தவறாம ஒன் பூக்குழி எறங்குவாரு” என்று நேர்ந்துகொண்டாள்.

கவனிக்க வேண்டும்: நேர்ந்தவள் மாரியாயி, இறங்க வேண்டிய கால் அழகமுத்துவினுடையது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது. சேதியைக் கேட்ட அழகமுத்து, “சரி புள்ள” என்று மட்டும் சொன்னார். அந்த மனிதர் அதற்குமேல் என்றைக்குப் பேசியிருக்கிறார்!

பூக்குழி என்பது பெயருக்குத்தான் பூ. புளிய விறகை எரித்துத் தணலாக்கி நீளமாகப் பரப்பியிருப்பார்கள். காப்புக் கட்டி விரதமிருந்தவர்கள் மஞ்சள் துணியும் வேப்பிலையுமாக அதன்மேல் நடந்துபோய், அந்தப்பக்கம் பாலும் தண்ணீரும் ஊற்றி வைத்த பால்குழியில் இறங்குவார்கள். விரதம் சுத்தமாக இருந்தால் தணல் சுடாது என்பது நம்பிக்கை. சுட்டுவிட்டால், கொப்புளம் போட்டுவிட்டால், விரதத்தில் எங்கேயோ தீட்டு என்று அர்த்தம். நடந்தவரை மட்டுமில்லை, வீட்டில் சமைத்துப் போட்டவளையும் ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும்.

முதல் வருஷமே அழகமுத்துவுக்குச் சுட்டது. வலது பாதத்தில் கொப்புளம். இரண்டாம் வருஷமும் அப்படியே. வீட்டுக்கு வந்து மஞ்சள் கரைத்த தண்ணீர்ச் சட்டியில் காலை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பார். மாரியாயி அந்தக் காலைக் கழுவிக் கழுவி அழுவாள். “எங்கேயோ என்னாலதாங்க தப்பு நடந்திருக்கு. கருவாட்டுச் சட்டிய நல்லா கழுவாம உங்களுக்கு ஒல வச்சிட்டேனோ என்னமோ” என்பாள். அவர், “அதெல்லாம் ஒன்னுமில்ல புள்ள. நெருப்புன்னா சுடத்தானே செய்யும்” என்பார். அவள் கேட்கமாட்டாள். அடுத்த வருஷம் புதுச் சட்டி வாங்கினாள். அதற்கடுத்த வருஷம் காப்புக் கட்டிய நாளிலிருந்து தானும் பட்டினி கிடந்தாள். என்ன செய்தும் அவருக்குச் சுட்டது. ஒவ்வொரு கொப்புளமும் தன்மேல் அம்மன் வைத்த குற்றம் என்றே அவள் நம்பினாள். அந்தச் சில நாட்களில் மட்டும் குழாயடியில் அவள் குரல் கேட்காது.

இப்படியே வருஷங்கள் ஓடின. ராசமணி பெரியவளானாள். பிறகு அந்த வருஷம் வந்தது.

அன்றைக்கு அழகமுத்து தணலில் இறங்கி, எப்போதும்போல ஓடாமல், தெருவில் நடக்கிறவர் மாதிரி நடந்துபோய்ப் பால்குழியில் நின்றார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. மாரியாயி ஓடிப்போய், “சுட்டுச்சாங்க?” என்று கேட்டாள்.

அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். “இல்லியே புள்ள” என்றார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. “ஒன்னுமே தெரியல்ல. சும்மா தரையில நடந்த மாதிரி இருந்திச்சு.”

மாரியாயி அந்த இடத்திலேயே கூவி அழுதாள். அத்தனை வருஷத்துக் குற்றமும் அவள் தலையிலிருந்து இறங்கிவிட்டது. கொப்புளம் இல்லை, சிவப்புக்கூட இல்லை. “எங்க வீட்டுக்காரருக்கு அம்மன் கால குளுமையாக்கிட்டா” என்று கோயிலில் சொன்னாள், குழாயடியில் சொன்னாள், இரத்தோட்டை பஸ்ஸில் ஏறி அங்கே தோட்டத்திலிருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போயும் சொன்னாள். அதற்குப் பிறகு ஊர் அழகமுத்துவைப் பார்த்த பார்வை மாறியது. கோயில் பூசாரி செல்லையா அடுத்த வருஷம் கரகத்துக்குப் பின்னால் முதல் ஆளாக இறங்கச் சொன்னார். கடையில் மற்ற நாட்டாமைகள், “அண்ணே, நீங்க உட்காருங்க, இத நாங்க தூக்குறோம்” என்றார்கள். முதுகில் மூட்டை இல்லாத நேரத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத மனிதருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அவரைவிட அதில் குளிர்ந்து கிடந்தவள் மாரியாயிதான்.

அந்தக் காலம் முழுக்க உடம்பு தன் பாஷையில் கத்திக்கொண்டிருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

முதலில் தாகம். கடையிலிருந்து வந்ததும் செம்பில் ஊற்றிக் குடித்தவர், பிறகு குடத்தைச் சரித்தே குடித்தார். “சுதுகங்கைய ஒரு நாளைக்கு வத்த வச்சிருவீங்க போல” என்று மாரியாயி கேலி செய்தாள். பிறகு, விடியுமுன்னே நாலைந்து தரம் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். சாம்பல் குவியலுக்குப் பக்கத்தில் அவர் ஒதுங்குகிற இடத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. மாரியாயி தணலை அள்ளிக் கொட்டி எறும்பை விரட்டினாள், அது திரும்பித் திரும்பி வந்தது. சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. ஒருநாள் கடையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். மற்றச் செருப்பு எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. மாரியாயி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“கால்ல இருந்த செருப்பு விழுந்ததுகூடவா தெரியல்ல? எங்க நெனப்பு ஓடுது ஒங்களுக்கு?”

அழகமுத்து சிரிக்கவில்லை. வெறும் காலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஆள் இளைத்துக்கொண்டே போனதைக் கண்டு மாரியாயிக்குக் கவலை வந்தது. வராமல் இருக்குமா? அவளுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். லக்கலப் பக்கத்திலிருந்து கடைக்கு வருகிற கித்துள் மரத்து வெல்லப் பாணியில் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு வந்து, தினமும் வறுத்த அரிசி மாவில் குழைத்துக் கையில் உருட்டிக் கொடுத்தாள். மூட்டை தூக்குகிறவருக்குத் தெம்பு வேண்டாமா? அவர் வேண்டாமென்றாலும் விடமாட்டாள், வாயில் ஊட்டிவிடுவாள். அந்த இனிப்பு அவர் உடம்பில் என்ன செய்தது என்று பின்னால் ஒரு டொக்டர் சொல்லி அவள் தெரிந்துகொண்டபோது, தன் வலது கையைத் தானே சுவரில் அடித்து அடித்து உடைக்கப் பார்த்தாள்.

கடையிலும் அவர் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கண்ணை மூடிவிடுவார். மர்சூக் முதலாளி நல்ல மனிதர். “அழகமுத்து, ரெண்டு மூணு நாள் வீட்ல கெடந்து எழும்பி வாங்களே. கடை ஓடியா போகும்?” என்று கேட்டார். அவர், “இல்லீங்க முதலாளி, எனக்கென்ன” என்று எழுந்து அடுத்த மூட்டைக்குக் குனிந்தார். நெருப்பே சுடாத ஆள் என்று ஊர் பேசுகிறது. அப்படிப்பட்டவர் களைப்பாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வார்? வீட்டிலும் அதே கதைதான். “ராசமணி கல்யாணம் முடியட்டும் புள்ள. அப்புறம் நான் கால நீட்டிப் படுத்துக்கிறேன். நீயே எழும்புங்கன்னாலும் எழும்பமாட்டேன்” என்பார்.

ஒரே ஒருத்தி மட்டும் சரியாகக் கேட்டாள். அடுத்த வீட்டு ஜுனைதா. தையல்கார வீட்டுப் பெண், மாரியாயியைவிட வயதில் இளையவள். இரண்டு வீட்டுக்கும் ஒரே கொல்லை. ஒருநாள் சாம்பல் குவியலருகே எறும்பைப் பார்த்துவிட்டு வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அக்கா, கோவிச்சுக்கப்படாது. எங்கட வாப்பாக்கும் இப்பிடித்தான் எறும்பு மொச்சது. தண்ணி தண்ணின்னு குடிச்சாரு. கால் மரத்துப் போச்சு, ஆணி குத்தினாலும் தெரியாது. சீனி வருத்தம், நீரிழிவு வியாதின்னு டொக்டர் சொன்னாரு. நாங்க பிந்திப் போனம். அண்ணன ஒருக்கா ஆஸ்பத்திரியில காட்டுங்களே.”

கால் மரத்துப் போச்சு. அந்த மூன்று வார்த்தை மாரியாயியின் நெஞ்சில் போய்த் தைத்தது. அது உண்மையாக இருந்தால்? தணல் சுடாதது அம்மன் தந்ததில்லை என்றால்? அப்படியானால் அவள் குற்றம் எதுவும் தீரவேயில்லை. அவள் ஊரெல்லாம் சொன்னது பொய். பயம்தான் வந்தது அவளுக்கு. ஆனால் வாயில் வந்தது கோபம்.

“ஒங்க வாப்பா பூக்குழி எறங்கினாராடி?” என்று கேட்டாள். “எங்க அம்மன் செஞ்சத வருத்தம்னு சொல்ல வந்துட்டியா? எரிச்சல் இருந்தா ஒன் வீட்டோட வச்சுக்க.”

ஜுனைதாவின் முகம் செத்துப்போய்விட்டது. திரும்பிப் போனாள். மாரியாயி அவளோடு பேச்சை நிறுத்தினாள், கொல்லையில் இரண்டு வீட்டுக்கும் நடுவே தென்னங்கிடுகு வைத்து மறைத்தாள். அழகமுத்து வீட்டுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

அந்த வருஷப் பூமிதிக்குப் பிறகுதான் அவர் தன் காலைக் கழுவ மாரியாயியை விடாமல் ஆனார். கோயிலிலிருந்து நேரே ஆற்றுக்குப் போய்க் குளித்து, காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். “எனக்கே என் காலத் தொட்டுக் கழுவுறது கூச்சமா இருக்கு புள்ள, நீ எதுக்கு” என்றார். அம்மன் அருள் வந்த மனிதர், அதனால்தான் இந்த அடக்கம் என்று மாரியாயி நினைத்துக்கொண்டாள். பொம்பளை மனசு எதை நினைக்க ஆசைப்படுமோ அதைத்தானே நினைக்கும். ஆம்பளை மனசு மட்டும் என்னவாம்!

அடுத்த வருஷம் ராசமணிக்கு மாப்பிள்ளை அமைந்தது. கண்டியில் கடையில் நிற்கிற பையன், பெயர் மாரிமுத்து. வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். பங்குனியில் பூமிதி. அதோடு நேர்த்தி முடிந்தது, இந்த ஒரு தரம் இறங்கிவிட்டால் போதும். மாரியாயி சந்தோஷத்தில் கால் தரையில் பாவாமல் திரிந்தாள்.

காப்புக் கட்டினால் செருப்புப் போடக்கூடாது. ஆஸ்பத்திரிப் பக்கம் போவதும் தீட்டு. அழகமுத்து மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு கடைக்கும் போய்வந்தார். அந்த நாட்களில் ஒருநாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. வீட்டில் ஏதோ செத்த வாடை அடித்தது. எலி எங்கேயோ செத்துக் கிடக்கிறதென்று மாரியாயியும் ராசமணியும் கூரை முதல் அடுப்படி வரை தேடினார்கள். எலி கிடைக்கவில்லை. அழகமுத்து காலைப் போர்வைக்குள் இழுத்துச் சுருட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

காய்ச்சல் விடவில்லை. பூசாரி செல்லையா வீட்டுக்கு வந்து பார்த்தார். அவருடைய முகம் மாறியது. “அழகமுத்து, காப்ப அவுத்திருவோம். போய் டொக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. ஆத்தா ஒன்னும் கோவிச்சுக்கமாட்டா, அவ தாய்தானே” என்றார். பூசாரியே சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்? ஆனால் அழகமுத்து மனைவியைப் பார்த்தார். மாரியாயி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“கடைசி வருசம் சாமி” என்றாள். “இத்தன வருசம் எறங்கிட்டு, கடைசியில காப்ப அவுத்தா எம் பொண்ணுக்கு ஏதும் ஆயிருமோன்னு பயமா இருக்கு. இது அம்மன் சூடுதானே, எறங்கினா தணிஞ்சிரும்.”

“எறங்குறேன் சாமி” என்றார் அழகமுத்து.

இறங்கினார். கரகத்துக்குப் பின்னால் முதல் ஆளாக, காய்ச்சலில் சிவந்த கண்ணோடு, தணலின்மேல் நடந்தார். ஒரு அடியும் அவசரப்படவில்லை. உடுக்குச் சத்தமும் குலவையும் வானத்தைப் பிளந்தன. பால்குழியில் இறங்கி நின்றார். அவருக்குப் பின்னால் அடுத்தவர் இறங்குமுன் மாரியாயி குழிக்குள் பார்த்தாள். பால் அவருடைய வலது காலைச் சுற்றிக் கலங்கிக்கொண்டிருந்தது. இரத்தம் மட்டுமில்லை, சீழ். வீட்டில் அடித்த அந்த வாடை. எலி எங்கே செத்தது என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது.

“சுட்டுச்சாங்க?” என்று கேட்டாள்.

“இல்ல புள்ள” என்றபடி அழகமுத்து அவள்மேல் சாய்ந்தார்.

மர்சூக் முதலாளியின் லொறியில் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சிங்கள டொக்டர், இளம் வயது. பாதத்தைத் திருப்பிப் பார்த்ததும் அவர் இடுக்கியைக் கேட்டு வாங்கினார். சதைக்குள்ளிருந்து ஒரு இரும்புத் துண்டை எடுத்தார். சாக்குத் தைக்கிற கோணி ஊசியின் உடைந்த முனை. கடையில் மிதித்தது. அதோடுதான் நடந்திருக்கிறார், மூட்டை சுமந்திருக்கிறார், தணலில் இறங்கியிருக்கிறார். டொக்டர் வேறொரு ஊசியால் மற்றக் காலின் அடியில் மெல்லக் குத்தினார். இரத்தம் ஒரு பொட்டு எட்டிப் பார்த்தது. அழகமுத்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “முதலாளி வெளியில நிக்கிறாரா புள்ள? பாவம், கடைய விட்டுட்டு வந்திருக்காரு” என்று கேட்டுக்கொண்டிருந்தார். குத்தியதே அவருக்குத் தெரியவில்லை.

மாரியாயி வாயில் புடவையை அடைத்துக்கொண்டாள்.

டொக்டர் அவளை வெளியே அழைத்துச் சிங்களத்தில் சொன்னார். சீனி வருத்தம். பல வருஷமாக இருந்திருக்கிறது. கால் நரம்புகள் செத்துப்போய்விட்டன. கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும், இன்றைக்கே. விட்டால் விஷம் ஏறி ஆள் போய்விடுவார். என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்று கேட்டார். அவள் பாணி உருண்டையைச் சொன்னாள். அந்த இனிப்புத்தான் வருத்தத்தை ஏற்றிவிட்டது என்று சொல்லி, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனால் அழகமுத்து மறுத்துவிட்டார். “கால எடுக்க வேணாம்” என்றார். டொக்டர் சொல்லியும் முதலாளி கெஞ்சியும் கேட்கவில்லை. “அம்மன் குளுமையாக்கின காலு முதலாளி. எடுக்கப்படாது” என்று சொல்லிச் சொல்லி மாரியாயியையே பார்த்தார். பகல் முழுக்க அப்படியே போனது. பொழுது சாயச் சாயக் கால் முழங்கால்வரை கறுத்துக்கொண்டு வந்தது.

மாரியாயிக்கு இனி ஒரே வழிதான் இருந்தது. ஜுனைதாவின் வாயை எந்த வார்த்தைக்காக அடைத்தாளோ அந்த வார்த்தையை இப்போது தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொன்னால் அந்த மனிதரிடம் மிச்சம் என்ன இருக்கும்? அவர் வாழ்க்கையில் ஊர் அவரைத் தலைநிமிர்ந்து பார்த்தது அந்த ஒரு காரியத்துக்காக மட்டும்தான். சொல்லாவிட்டால் ஆளே இருக்கமாட்டார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மன் செஞ்சதில்லங்க” என்றாள். “வருத்தம். கால் செத்துப் போயிருச்சு, அதான் சுடல்ல. நான்தான் அம்மன் அருள்னு ஊரெல்லாம் தண்டோரா போட்டேன். என் புத்தியச் செருப்பால அடிங்க. கால எடுக்கச் சொல்லுங்க. எனக்கு நீங்க வேணும்.”

அழகமுத்து அவளைப் பார்த்தார். பிறகு அவர் முகம் தளர்ந்தது, மூட்டையை இறக்கி வைத்ததும் தளருமே, அப்படி.

“தெரியும் புள்ள” என்றார்.

அவளுக்கு விளங்கவில்லை.

“போன வருசமே தெரியும். ஆத்துல குளிக்கையில உள்ளங்கால் தோல் அப்பிடியே கழண்டு வந்திச்சு. வெந்து போயிருந்திச்சு, எனக்கு ஒன்னும் தெரியல்ல. ஜுனைதா சொன்னதும் சரின்னு அப்பவே வெளங்கிருச்சு.”

“ஏங்க சொல்லல்ல? ஏங்க எங்கிட்ட சொல்லல்ல?”

“சுடல்லன்னு சொன்னப்ப நீ எப்பிடிச் சந்தோசப்பட்ட! எத்தன வருசமா எங் காலக் கழுவிக்கிட்டு ஒன்னய நீயே திட்டிக்கிட்டு அழுத. திரும்பவும் அத எப்பிடிப் பார்ப்பேன்? இப்பக்கூட, காலக் குடுத்தா ஒனக்குத் தாங்காதேன்னுதான் வேணாம்னேன். சரி, நீயே சொல்லிட்டியே. எடுக்கச் சொல்லு.”

அவள் நெஞ்சு வெடித்த சத்தம் வார்ட்டுக்கே கேட்டது. ஒருவருக்கொருவர் இரக்கப்பட்டு இரக்கப்பட்டே ஒரு உயிரைச் சாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதைவிடப் பாவம் வேறென்ன இருக்கிறது!

அந்த இருட்டோடேயே கண்டிக்குக் கொண்டுபோனார்கள். காலை எடுத்தார்கள். ஆனால் விஷம் அதற்கு மேலே ஏறிவிட்டிருந்தது. மறுநாள் பகலில் அவர் கண்ணைத் திறந்தார். உதட்டை நனைத்துவிட்ட மாரியாயியிடம், “வலிக்குது புள்ள” என்றார். காலை எடுத்த இடத்தில், உணர்வுள்ள சதையில் வலித்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. “வலிக்குதாங்க? நல்லா வலிக்குதா?” என்று அவள் கேட்டாள். பைத்தியக்காரியைப் போல அவளுக்குள் ஒரு சந்தோஷம் கிளம்பிவிட்டது. வலிக்கிறதென்றால் உயிர் இருக்கிறது. வலிக்கிற ஆள் பிழைத்துக்கொள்வார்.

பொழுதிறங்குமுன் அவர் போய்விட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கொல்லையிலிருந்த கிடுகு மறைப்பைப் பிரித்துத் தள்ளிக்கொண்டு ஜுனைதாதான் முதலில் ஓடிவந்தாள். நான் அப்போதே சொன்னேனே என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாரியாயியின் தலையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு, “அக்கா, அக்கா” என்று மட்டும் அழுதாள். மாரியாயிக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஊருக்கே கேட்கிற அந்தக் குரல் அன்றைக்குப் போனது போனதுதான். ராசமணியின் கல்யாணம் தள்ளிப்போய், மேளமில்லாமல் கண்டியிலேயே முடிந்தது.

அடுத்த பங்குனியில் பூமிதியன்று மாரியாயி கோயிலுக்குப் போனாள். தாலி இழந்தவள் காலையிலேயே முன்னால் வந்து நிற்கிறாளே என்று இரண்டொருவர் முகத்தைச் சுளித்தார்கள். செல்லையா அவர்களைக் கையமர்த்தினார். அவள் நேரே போய்ப் பால்குழியின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

தணலைக் கடந்து முதல் ஆள் வந்தார். அவர் காலைப் பிடித்துக்கொண்டு, “சுட்டுச்சா?” என்று கேட்டாள். “இல்ல ஆத்தா, அம்மா காப்பாத்திட்டா” என்றார் அவர். மாரியாயி அவர் உள்ளங்காலில் நகத்தால் அழுத்திக் கிள்ளினாள். அவர் “ஆ” என்று காலை இழுத்தார். “போ சாமி” என்று விட்டாள். அடுத்தவரையும் கேட்டாள். அவரும் சுடவில்லை என்றார், அவரையும் கிள்ளினாள். வந்தவர்களெல்லாம் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். வேறு பதில் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? சுற்றி நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கடைசிக்கு முன்னால் வந்தவன் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்து ஆள். முப்பது வயதிருக்கும். அவன் மனைவி கைக்குழந்தையோடு கும்பலில் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாரியாயி காலைப் பிடித்துக் கேட்டதும் அவன் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. குனிந்து அவள் காதோடு சொன்னான்.

“சுட்டுச்சும்மா. உசுரு போகுது. சத்தமாச் சொல்லிறாதீங்க, எம் பொண்டாட்டிதான் நேர்ந்தா. கேட்டா அழுதுருவா.”

மாரியாயி அந்த வெந்த காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டு, ஒரு வருஷமாக வராத அழுகையை அங்கே உட்கார்ந்து அழுதாள்.

“அழட்டும் சாமி” என்றாள். “அழுதா அழட்டும். சுடுதுன்னு அவகிட்ட போய்ச் சொல்லு.”